நீல டேப் ஒட்டிய கார்பைன்

வண்டியை நிறுத்திய பிறகும் வெர்னா இறங்கவில்லை. கண்ணாடியைப் பாதி இறக்கித் தம்பியைக் கையசைத்துக் கூப்பிட்டாள். எமில் பனியில் பூட்ஸை இழுத்துக்கொண்டு போய்க் குனிந்தான். அவள் புருஷன் ஆர்வில் அதற்குள் இறங்கிப் போய், வண்டியின் பின்பக்கத்தில் துப்பாக்கி உறையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்குச் சொல்லிடுவியா?" என்றாள் வெர்னா.

"எதை?"

"எதையா? நேத்து போன்ல அவ்வளவு நேரம் யாருகிட்டடா பேசினேன்? சுவத்துகிட்டயா?"

"ஆட்டம் முடியட்டும்க்கா. முடிஞ்சதும் சொல்றேன்."

"முடிஞ்சா வீட்டுக்கு வந்துருவார். கூடவே துப்பாக்கியும் வரும். ராத்திரி எந்திரிச்சு ஜன்னலோரம் நிக்கறார்டா. என்ன பாக்கறீங்கன்னு கேட்டா, கிளைட் வேலையிலிருந்து வர்ற நேரமாச்சுங்கறார்."

கிளைட் என்பவன் ஆர்வில்லின் அண்ணன். சுரங்கம் சரிந்து செத்துப் போனவன். எமில் அவனைப் போட்டோவில்தான் பார்த்திருக்கிறான்.

"நான் சொன்னா ஏறாது" என்றாள் வெர்னா. "வண்டிச் சாவிய ஒளிச்சு வெச்சதுக்கே எங்கூடப் பேச்சை நிறுத்திட்டார். நீ சொன்னா கேப்பார். ரெண்டு துப்பாக்கியையும் உன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடு. அவ்வளவுதான் நான் கேக்கறது."

"சரிக்கா."

"சரிங்காத. சொல்லு."

எமில் தலையாட்டிவிட்டு நிமிர்ந்தான். முதுகு பிடித்துக்கொண்டது. துத்தநாக உலையில் மூட்டை தூக்கிய முதுகு. அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் ஆர்வில். முதல் வருஷமே எமிலின் சட்டையில் தீப்பிடித்தபோது கையுறைகூட இல்லாமல் அணைத்தவரும் அவர்தான். அவர் உள்ளங்கையில் இன்னும் அந்தத் தழும்பு பளபளவென்று இருக்கிறது. அந்தக் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கச் சொல்கிறாள் அக்கா. இந்த மலைப்பக்கத்தில் ஒருத்தன் கையிலிருந்து துப்பாக்கியை வாங்குவது, நீ இனி ஆள் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்வதுதான்.

"மாப்ள!" என்று பின்னாலிருந்து ஆர்வில் கத்தினார். "அங்க என்னடா ரகசியம்? என் சொத்தை ரெண்டு பேரும் பங்கு போடறீங்களா?"

"உங்க சொத்துல பங்கு போட என்ன அத்தான் இருக்கு? அந்தத் துருப்பிடிச்ச டிராக்டரா?"

ஆர்வில் வாய்விட்டுச் சிரித்தார். சிரிக்கும்போது பழைய ஆர்வில்தான். அதுதான் எமிலுக்குப் பெரிய தொந்தரவு. முழுக்கவே போயிருந்தால் சொல்வதற்குச் சுலபமாக இருந்திருக்கும்.

துப்பாக்கி சுடும் கிளப் நடப்பது ஒரு பழைய மாட்டுக் கொட்டகையில். கோடையில் குன்றோரம் வெளியில் சுடுவார்கள், எந்தத் துப்பாக்கியானாலும். பனி விழத் தொடங்கினால் கொட்டகைக்குள் வந்துவிடுவார்கள். உள்ளே ஒரே சட்டம்தான்: பாயிண்ட் டூ-டூ மட்டும். போர்க்காலத்துத் துப்பாக்கியைப் போலவே செய்த நகலாக இருக்கலாம். ஜெர்மன், ரஷ்யன், அமெரிக்கன், எதுவும் ஆகட்டும். உருவமும் எடையும் அசல் மாதிரியே இருக்கும். உள்ளே போகிற தோட்டா மட்டும் சுண்டுவிரல் நகம் அகலம்கூட இருக்காது. விளிம்பில் தட்டினால் வெடிக்கிற சின்னத் தோட்டா. குறிப்பலகைக்குப் பின்னால் சாய்வாக நிற்கிற இரும்புத் தகடு, அந்தச் சின்னத் தோட்டாவை மனசில் வைத்து எமிலே பற்றவைத்தது. தகட்டுக்குப் பின்னால் பலகைச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் பழைய பால் அறை. தண்ணீர்க் குழாயும் அடுப்பும் அங்கேதான் இருந்ததால் அதையே சமையலறை ஆக்கிக்கொண்டார்கள். வருஷக்கணக்காக இந்தப் பக்கம் சுட்டுக்கொண்டும் அந்தப் பக்கம் சூப் கிண்டிக்கொண்டும் இருந்திருக்கிறார்கள். ஒருத்தருக்கும் எதுவும் ஆனதில்லை. அதனாலேயே அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

உள்ளே லெஸ்டர் தன் ஜெர்மன் துப்பாக்கியை மேஜைமேல் பரப்பி வைத்துக் காட்டிக்கொண்டிருந்தான். தலையில் அந்தக் காலத்து இரும்புத் தொப்பி வேறு.

"பாக்க பயங்கரமாத்தான் இருக்கு" என்றார் ஆர்வில். "சத்தம் வந்தாதான் தெரியும், எலி தும்மற மாதிரி."

"உங்க கார்பைன் மட்டும் என்ன, சிங்கம் கர்ஜிக்குதா?"

"எங்கப்பா இதை வெச்சுக்கிட்டு ரைன் ஆத்தைத் தாண்டினாரு. உன் தொப்பிக்காரங்க எல்லாம் ஓடினாங்க."

"உங்கப்பா தாண்டினது அசலை வெச்சுக்கிட்டு. அது உங்க வீட்டுல தூங்குது. இது பொம்மை."

"பொம்மையா? வாடா வரிசைக்கு, காட்டறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். எமிலும் சிரித்தான். இன்றைக்குச் சுடும் வரிசையின் பொறுப்பு அவனுடையது. ஆணை சொல்வது, துப்பாக்கிகளைப் பார்ப்பது, விளக்கு போடுவது எல்லாம் அவன் வேலை. சுட வருகிறவர்களில் பாதிப் பேர் ஆலைச் சத்தத்தில் காது போனவர்கள். காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு மேலே தடித்த காதுமூடியையும் மாட்டிக்கொண்டால் இடி விழுந்தாலும் தெரியாது. அதனால் இங்கே வாய்ப்பேச்சைவிட விளக்குதான் சட்டம். பச்சை எரிந்தால் சுடலாம். சிவப்பு எரிந்தால் கையை எடுத்துவிட வேண்டும். உள்ளே ஒரு விளக்கு, கொட்டகை வாசலுக்கு மேலே வெளியே ஒரு விளக்கு. இரண்டுக்கும் ஒரே சுவிட்ச்.

ஆர்வில் உறையைத் திறந்து கார்பைனை, அந்தக் குட்டைக் குழல் துப்பாக்கியை, மேஜைமேல் வைத்தார். தோளில் அணைத்துப் பிடிக்கிற மரக்கட்டையின் கழுத்தில் நீல டேப். கொட்டகைக்குள் சுடலாம் என்று பார்த்துச் சரி சொன்ன துப்பாக்கிகளுக்கு எமில் ஒட்டுகிற அடையாளம் அது. சீசன் தொடக்கத்தில் ஒருமுறை ஒட்டினால் போதும். கட்டையின் அடியில் கான்வாஸ் பை ஒன்று இறுக்கிக் கட்டியிருந்தது. போரில் சிப்பாய்கள் மேகசின் என்கிற தோட்டாப் பெட்டிகளை வைத்துக்கொண்ட மாதிரியான பை. குளிரில் விரல் விறைத்துப் போகும் என்று இங்கே எல்லோரும் மேகசினில் தோட்டாவை வீட்டிலேயே போட்டு எடுத்து வந்துவிடுவார்கள்.

"மாப்ள, ஒண்ணு கவனிச்சியா?" ஆர்வில் குரலைத் தாழ்த்தினார். "அப்பாவோட கட்டைய இதுக்கு மாத்திட்டேன்."

"எதுக்கு?"

"இந்த டூ-டூவுக்கு. புதுசா பளபளன்னு ஒரு கட்டை குடுத்தான் பாரு, நாற்காலிக் கால் மாதிரி. அதைக் கழட்டிட்டு அப்பா துப்பாக்கியோட கட்டையப் போட்டேன். வால்நட் மரம். அப்பா கை பட்ட இடம் இன்னும் கறுத்திருக்கு. சமையல் மேஜையில உக்காந்து உளி வெச்சு செதுக்கிச் செதுக்கிப் பொருத்தினேன். எப்படி இருக்கு?"

எமில் மேஜைமேல் கிடந்ததைப் பார்த்தான். அதே பளபள கட்டை. அதே நாற்காலிக் கால். கழுத்தில் அவன் ஒட்டிய அதே டேப், ஓரத்தில் அவன் கட்டைவிரல் அழுக்குக்கூட இருந்தது. வால்நட்டும் இல்லை, கறுப்பும் இல்லை.

அக்கா சொன்னது இதைத்தான். செய்யாததைச் செய்ததாகச் சொல்கிறார். இல்லாத மரத்தைத் தடவிக் காட்டுகிறார். லெஸ்டர் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். எமில் அவனைப் பார்க்க, லெஸ்டர் மெதுவாகக் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். அவனுக்கும் தெரிந்திருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது போல.

"நல்லா இருக்கு அத்தான்" என்றான் எமில். "அருமையா பொருந்தியிருக்கு."

"அப்படித்தான் நானும் நெனச்சேன்" என்றார் ஆர்வில். ஆனாலும் கட்டையைப் பார்த்துக் கொஞ்சம் புருவத்தைச் சுருக்கினார், அங்கே இருக்க வேண்டியது ஏதோ இல்லாத மாதிரி. பிறகு அதையும் மறந்துவிட்டார்.

சுடாத நேரத்தில் துப்பாக்கியின் தோட்டா அறைக்குள் ஆரஞ்சுக் கொடி ஒன்றைச் செருகி வைக்க வேண்டும். பிளாஸ்டிக் குச்சியும் நுனியில் ஒரு நாக்கும். உள்ளே தோட்டா இல்லை என்பதற்கு அதுதான் சாட்சி. ஆர்வில் தன் கொடியைச் செருகினார். அது வழுக்கி மேஜைமேல் விழுந்தது. திரும்பச் செருகினார். நிமிர்த்தி வைத்ததும் மறுபடி கழன்று தரையில் விழுந்தது.

"என்ன பெருசு, கை நடுங்குதா?" என்றான் லெஸ்டர். "நேத்து ராத்திரி பீர் ஜாஸ்தியோ?"

"உன் பொண்டாட்டி ஊத்திக் குடுத்தா. வேண்டாம்னா சொல்ல முடியும்?"

சமையலறைப் பக்கத்திலிருந்து லெஸ்டரின் மனைவி மார்லா கத்தினாள்: "எனக்குக் கேக்குது! சூப்புல உப்ப அள்ளிப் போட்டுருவேன்!"

எமில் குனிந்து கொடியை எடுத்துக் கொடுத்தான். அந்தத் தழும்புக் கை நடுங்கத்தான் செய்தது. மூன்றாவது முறை ஆர்வில், தோட்டா அறையை மூடுகிற இரும்புப் போல்ட்டை அதன்மேல் இறக்கி நெருக்கிப் பிடித்து நிற்க வைத்தார். எமில் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டான். எடுத்துப் பார்த்திருக்கலாம். பொறுப்பில் இருக்கிறவனுக்கு யார் துப்பாக்கியையும் எடுத்துப் பார்க்கிற உரிமை உண்டு. இத்தனை பேர் முன்னால், கொடி செருகத் தெரியாத மனுஷனின் துப்பாக்கியைக் கையில் வாங்கி நோட்டம் விட்டால், ஆட்டம் முடியும் முன்னாலேயே சொன்ன மாதிரி ஆகிவிடும். முடியட்டும் என்று நினைத்துக்கொண்டான். கடைசியாக ஒருமுறை சுட்டுக்கொள்ளட்டும்.

சமையலறையிலிருந்து பன்றிக்கறியும் பீன்ஸும் கொதிக்கிற வாசனை பலகை இடுக்கு வழியாக வந்தது. பாத்திரம் உருளும் சத்தம். பெண்கள் எதற்கோ சேர்ந்து சிரித்தார்கள்.

முதல் அணி சுட்டு முடித்தது. லெஸ்டரின் ஜெர்மன் துப்பாக்கி ஆர்வில் சொன்ன மாதிரியே தும்மியது. தகட்டில் ரவைகள் பட்டு மணலில் உதிர்கிற சத்தம் மழைத் தூறல் மாதிரி கேட்டது. குறிப்பலகையை மாற்றினார்கள். அடுத்த அணியில் ஆர்வில்லும் இன்னும் இரண்டு பேரும் மட்டும். ஆர்வில் காதுக் கருவிகளைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். காதுமூடியை மாட்டினார். மேஜையில் முழங்கையை ஊன்றினார். பையின் மூடியைத் திறந்து ஒரு மேகசினை எடுத்துச் செருகினார். அது டக்கென்று ஏறியது. கொடியை உருவி ஓரமாக வைத்தார்.

எமில் சுவிட்சைப் போட்டான். பச்சை எரிந்தது.

மற்ற இரண்டு பேரும் சுடத் தொடங்கினார்கள். ஆர்வில் நிதானமாகக் கன்னத்தைக் கட்டையில் வைத்தார். அவர் எப்போதும் அப்படித்தான், அவசரப்பட மாட்டார். மேஜை ஓரத்தில் கிடந்த ஆரஞ்சுக் கொடியின்மேல் எமிலின் கண் போனது. கொடி உடையவில்லை, வளையவில்லை. அந்தக் குச்சி டூ-டூ துளைக்கு அளந்து செய்தது. போன வாரம்வரை அதே கொடியை இழுத்து உருவ வேண்டியிருந்தது, அவ்வளவு இறுக்கம். கை நடுங்கினால் கொடி செருகத்தான் தடுமாறும். உள்ளே போன பிறகு எதற்குக் கழன்று விழ வேண்டும்?

துளை பெரிதாக இருந்தால் விழும்.

அப்பா கட்டையை இதுக்கு மாத்திட்டேன். அவர் பொய் சொல்லவில்லை. மறக்கவும் இல்லை. மாற்றித்தான் இருக்கிறார். அப்படியானால் கழற்றிய அந்தப் பளபள கட்டை, நீல டேப்போடு, எதில் ஏறியிருக்கும்? அசலில். இரண்டு இரும்பு, இரண்டு கட்டை. கட்டையைப் பார்த்துத்தானே காலையில் அவர் உறையில் வைத்திருப்பார். டேப்பைப் பார்த்துத்தானே நானும் சரி என்றேன்.

"நிறுத்து!" என்று எமில் கத்தினான். "நிறுத்து! சுடாதீங்க!"

மற்ற இரண்டு பேரும் கையை எடுத்தார்கள். ஆர்வில்லுக்குக் கேட்கவில்லை. அவர் மூச்சைப் பாதி விட்டு, விசையை மெதுவாக அழுத்தினார்.

கொட்டகையே அதிர்ந்தது. உத்தரத்திலிருந்து தூசி கொட்டியது. தகடு கண்டாமணி மாதிரி ஒருமுறை அடித்து ஓய்ந்தது. அதற்குப் பின்னால் மரம் கிழிகிற சத்தம். அதற்கும் பின்னால், சமையலறையில், எதுவும் இல்லை. சிரிப்பு நின்றிருந்தது.

"மார்லா!" என்று லெஸ்டர் அலறினான். நாற்காலிகள் சரிந்தன. எல்லோரும் பக்கவாட்டுக் கதவைப் பார்த்து ஓடினார்கள்.

எமில் ஆர்வில்லிடம் பாய்ந்தான். கார்பைனின் மேகசினைக் கழற்றினான். போல்ட்டை இழுத்து, உள்ளே ஏறியிருந்த தோட்டாவை வெளியே தள்ளினான். அது மேஜையில் உருண்டது. சுண்டுவிரல் நீளம், செம்பு மூக்கு. ஆர்வில் அதைப் பார்த்தார். பிறகு எமிலைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் எதற்கு அடி வாங்கினோம் என்று தெரியாத பிள்ளையின் முகம்.

"நல்ல அடியா கிளைட்?" என்று கேட்டார்.

எமில் துப்பாக்கியின்மேல் கையை வைத்தான். வாங்கிவிடத்தான் வைத்தான். ஆர்வில்லின் தழும்புக் கை குழல்மேல் இருந்தது, லேசாக, குழந்தை முதுகில் வைத்த மாதிரி. அதைப் பிரித்து எடுக்க எமிலால் முடியவில்லை.

"கீழ வைங்க அத்தான்" என்று உதட்டை அசைத்துக் காட்டினான். மேஜையைத் தட்டிக் காட்டினான். "இங்கயே இருங்க. வந்துடறேன்."

ஆர்வில் தலையாட்டினார். எமில் மேகசினைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு ஓடினான்.

சமையலறையில் மார்லா தரையில் உட்கார்ந்திருந்தாள். கையில் கரண்டி அப்படியே இருந்தது. முகத்தில் மரத்தூள். லெஸ்டர் அவள் தலையையும் தோளையும் தடவித் தடவி ரத்தம் தேடினான். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லப்பா, விடு" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள், பல் கிட்டிக்கொண்டு. அடுப்புக்கு மேலே சுவரில், ஓர் ஆள் தலை உயரத்தில் ஓர் ஓட்டை. தகட்டின் பற்றவைத்த மூட்டில் புகுந்து வந்திருக்கிறது. எல்லோரும் அதன் முன்னால் கூடிவிட்டார்கள். ஒருத்தர் அதற்குள் விரலை விட்டுப் பார்த்தார். "இதென்ன டூ-டூவா? இதென்னய்யா டூ-டூவா?" என்று ஒரு குரல்.

எமில் எதிர்ச் சுவரைப் பார்த்தான். அங்கேயும் ஓர் ஓட்டை. அதன் வழியே வெளிச்சம் ஊசி மாதிரி உள்ளே வந்துகொண்டிருந்தது. வெளியே வண்டி நிறுத்துகிற இடம்.

"அக்கா எங்க?"

எல்லோரும் ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வெர்னா எங்கன்னு கேக்கறேன்!"

"இப்பத்தான் போனா" என்றாள் மார்லா. "கொழுக்கட்டைத் தட்டு வண்டியில இருக்குன்னு."

அவன் பின்கதவை உதைத்துத் திறந்துகொண்டு பனியில் இறங்கினான். கால் முழங்கால்வரை புதைந்தது. இரண்டு ஓட்டைகளையும் ஒரு கயிற்றால் கட்டி இழுத்தால் அந்தக் கயிறு எங்கே போகும் என்று பார்க்கவே அவனுக்குப் பயமாக இருந்தது. அது நேராக ஆர்வில்லின் வண்டிக்குத்தான் போனது.

வெர்னா வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். நின்றுகொண்டிருந்தாள். கையில் துணி மூடிய உருளைக்கிழங்குக் கொழுக்கட்டைத் தட்டு.

"யாருடா கல்லெறிஞ்சது?" என்றாள் எரிச்சலோடு. "இங்க பாரு, கண்ணாடி நொறுங்கிக் கிடக்கு. ஒரு ஜாண் தள்ளி நின்னிருந்தா எம்மேல பட்டிருக்கும். அந்த லெஸ்டர் வீட்டுப் பசங்கதான?"

எமில் அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது.

"என்னடா? ஏன் இப்படி ஓடி வர்ற?" அவள் அவன் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். "சொல்லிட்டியா அவர்கிட்ட?"

"முடிஞ்சுதுக்கா. எல்லாம் முடிஞ்சுது. இதோ, நானே எடுத்துட்டேன்." கோட்டுப் பையிலிருந்து மேகசினை எடுத்துக் காட்டினான்.

வெர்னா அதை வாங்கிப் பார்த்தாள். அடிப்பக்கத்தைத் திருப்பி இன்னொரு முறை பார்த்தாள்.

"இது மாமனாரோடது" என்றாள். "அலமாரி இழுப்பறையில ரெண்டு இருந்துச்சே."

ரெண்டு.

கட்டையில் கட்டிய கான்வாஸ் பை. ஒரே மூடிக்குக் கீழே இரண்டு அறை. ஒவ்வொரு ஆட்டத்திலும் ஆளுக்கு இரண்டு மேகசின் சுடுவதுதான் இங்கே வழக்கம். ஆர்வில் வரிசையின் சட்டத்தை ஒருநாளும் மீறியதில்லை. விளக்கு சொல்வதைத்தான் செய்வார். விளக்கு சொல்லும்வரை எழுந்திருக்கவும் மாட்டார்.

எமில் திரும்பிப் பார்த்தான். கொட்டகை வாசலுக்கு மேலே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் வெளிச்சம் பனியில் இளசாகப் படிந்திருந்தது, வசந்தத்தில் முளைக்கிற புல் மாதிரி.

பச்சை.

சமையலறை ஜன்னலுக்குள் எல்லோரும் தெரிந்தார்கள். சுவரில் இருந்த ஓட்டைக்கு முன்னால் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தர் இன்னொருத்தரின் தோள்மேல் எட்டிப் பார்த்தார். லெஸ்டர் மார்லாவைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தான்.

"படுங்க!" என்று எமில் கத்தினான். "எல்லாரும் கீழ படுங்க!"

குளிருக்கு ஜன்னல்களை இறுக்கிச் சாத்தியிருந்தார்கள். ஒருத்தர் மட்டும் திரும்பி அவனைப் பார்த்தார். சிரித்துக் கையசைத்தார், இங்கே எல்லாம் நலம் என்கிற மாதிரி.

எமில் வெர்னாவைப் பனியில் தள்ளி மேலே விழுந்தான். கொழுக்கட்டைகள் சிதறின. அவன் எழுந்து ஓட ஒரு காலை ஊன்றினான்.

கொட்டகை மறுபடியும் மறுபடியும் அதிர்ந்தது. நிதானமாக, ஒரு மூச்சுக்கு ஒன்றாக, குறி பார்த்து.

பிறகு உள்ளே ஒரு பெண் கத்தத் தொடங்கினாள். அவள் நிறுத்தவே இல்லை.

வெர்னா பனியிலிருந்து முகத்தைத் தூக்கினாள். புருவத்திலும் முடியிலும் பனி ஒட்டியிருந்தது. கொட்டகையை அவள் பார்க்கவில்லை. தம்பியைத்தான் பார்த்தாள்.

"நீ அவர்கிட்ட சொல்லவே இல்லையாடா?" என்றாள்.